காய்ப்பை எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விட வேண்டும்?

பாதத் தோல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு தோல் மருத்துவரும் அழகுக்கலைப் பயிற்சியாளர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: புதிதாக பார்லர் ஆரம்பித்திருக்கிறேன். பெடிக்யூருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "குதிகால்ல இருக்கிற தடிப்பை முழுசா எடுத்துடுங்க" என்கிறார்கள். பிளேடு போட்டு இழைத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. பயிற்சி வகுப்பில் பிளேடு கூடாது என்றார்கள். ஏன் கூடாது? வேறு எப்படிச் செய்வது?
*வாசகி, மன்னார்குடி*

பதில்: செத்த தோலில் ரத்த ஓட்டமும் கிடையாது, நரம்பும் கிடையாது. பிளேடு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, இழைக்கிற உங்கள் கைக்கும் தெரியாது. "ஸ்ஸ்" என்று அவர் காலை இழுக்கும்போது பிளேடு உயிருள்ள தோலுக்குள் போயிருக்கும். தண்ணீரில் ஊறிய தோல் மெழுகு போல இளகியிருக்கும். அதில் கை கொஞ்சம் சாய்ந்தாலும் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் விளிம்பு மறுபடி தடிக்கும்போது முன்பிருந்ததைவிடக் கரடுமுரடாகத்தான் தடிக்கும்.

"முழுசா" என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். அழுத்தமும் உராய்வும் திரும்பத் திரும்ப விழும் இடத்தில் உடம்பு தானே போட்டுக்கொள்ளும் மெத்தைதான் காய்ப்பு. மெத்தையை அடியோடு எடுத்துவிட்டு அதே செருப்பு, அதே சிமென்ட் தரை, அதே நடை என்று போனால், முதல் இரண்டு நாள் எரிச்சல் இருக்கும். அடுத்த மூன்று, நான்கு வாரத்தில் காய்ப்பு திரும்ப வந்து நிற்கும். ஒரு தடவையில் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் பாதி போனால் போதும். இதை வாடிக்கையாளரிடம் வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி செய்முறை. தண்ணீரில் கால் வைக்கும் முன் காய்ந்த காலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்த நிலையில் காய்ப்பு மஞ்சள் பூத்துத் தனியாகத் தெரியும். ஊறிய பின் எல்லாமே வெளுத்து, எது காய்ப்பு, எது நல்ல தோல் என்ற எல்லையே மறைந்துவிடும். விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். வெடிப்பு, ஈரப்புண், சீழ், காய்ப்புக்கு அடியில் கறுப்பு அல்லது சிவப்புப் புள்ளி, இவற்றில் ஏதாவது இருந்தால் அன்று அந்தக் காலில் வேலை வேண்டாம். கூடவே கேட்க வேண்டியவை: சர்க்கரை உண்டா, காலில் மதமதப்பு உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா, காலில் நாள்பட்ட வீக்கம் உண்டா, இரண்டு நாளுக்குள் காலில் ஷேவிங்கோ வேக்ஸிங்கோ செய்தார்களா. பதிலை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை உதவும்.

ஊறவைப்பது 5 நிமிடம், எவ்வளவு தடித்த காலாக இருந்தாலும் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தண்ணீர் உடம்புச் சூடு, அதாவது 37, 38 டிகிரி. அதில் மென்மையான ஷாம்பு ஒரு ஸ்பூன் போதும். டெட்டால், சோடா மாவு, எலுமிச்சை எல்லாம் தோலை வறட்டும். ஊறிய பின் துண்டால் ஒற்றி, இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு ஃபைல், அதாவது சொரசொரப்பான தேய்ப்புக் கட்டை. முதலில் 80 அல்லது 100 எண் சொரசொரப்பு, முடிக்கும்போது 180. எண் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும். ஒரு கையின் கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னும் ரம்பம் போல இழுத்தால் தோல் சூடாகி, நார் நாராகக் கிழியும். பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி, ஈரத்துணியால் தூளைத் துடைத்து, கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு போய்விட்டது, அழுத்தினால் இன்னும் கெட்டியாக இருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தாலோ, பளபளத்தாலோ, "லேசா கூசுது" என்றாலோ எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். தூள் மூக்கில் ஏறாமல் உங்களுக்கு முகக்கவசம் வேண்டும், கையுறையும் வேண்டும்.

முடிவில் 10 சதவீத யூரியா க்ரீம், குதிகால் ரொம்பத் தடித்திருந்தால் 20 முதல் 25 சதவீதம். விரல் இடுக்கில் மட்டும் எந்தக் க்ரீமும் போகக்கூடாது. அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அடுத்த முறை மூன்று, நான்கு வாரம் கழித்து.

கேள்வி: பார்லரில் காய்ப்பு நீக்கும் ஜெல் தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, இருபது நிமிடம் உட்கார வைத்தார்கள். அன்று மிருதுவாக இருந்தது. மறுநாள் குதிகால் ஓரம் வெந்த மாதிரி சிவந்து, தண்ணீர் பட்டால் எரிகிறது. அந்த ஜெல்லில் என்னதான் இருக்கிறது?
*வாசகி, மயிலாடுதுறை*

பதில்: வேகமாக வேலை செய்யும் ஜெல்களில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு. இரண்டும் கடுமையான காரம், அதாவது அமிலத்துக்கு நேர் எதிரான ரசாயனம். பூஞ்சைத் தொற்று இருக்கிறதா என்று பார்க்க, பரிசோதனைக் கூடத்தில் தோல் செதிலின் மேல் விடுவதும் இதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான். செதிலைக் கரைத்துவிட்டால் பூஞ்சை மட்டும் கண்ணுக்குத் தெரியும். அப்படிக் கரைக்கிற பொருளுக்குக் காய்ப்பு எது, நல்ல தோல் எது என்று பார்க்கத் தெரியாது. நேரம் ஒன்றுதான் அதற்குக் கடிவாளம். டப்பாவில் 3 நிமிடம், 5 நிமிடம் என்று போட்டிருப்பது அதனால்தான். பிளாஸ்டிக் சுற்றினால் ஜெல் காயாமல் இன்னும் ஆழமாக இறங்கும்.

ஜெல்லைத் தூரிகையால் காய்ப்பின் மேல் மட்டும் தடவ வேண்டும். வெடிப்புக்குள் விடக் கூடாது. குதிகால் ஓரத்து மெல்லிய தோலில் முதலிலேயே பெட்ரோலியம் ஜெல்லி பூசிக் காப்பாற்ற வேண்டும். நேரம் முடிந்ததும் துடைத்து, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவும்போது தோல் சோப்பு போட்டது போல வழுவழுவென்று இருந்தால் காரம் இன்னும் போகவில்லை. காரம் எண்ணெய்ப் பசையைச் சோப்பாக மாற்றுவதால் வரும் வழுவழுப்பு அது. அது நிற்கும்வரை கழுவ வேண்டும்.

ஜெல் பட்டு எரிய ஆரம்பித்தால் அந்த நிமிடமே 15, 20 நிமிடம் தண்ணீரில் காட்டுவதுதான் முதலுதவி. "காரத்துக்குப் புளிப்பு" என்று எலுமிச்சையோ வினிகரோ ஊற்றினால் புண்ணின் மேல் இன்னொரு புண்தான் மிஞ்சும். உங்கள் காலுக்கு இப்போது பெட்ரோலியம் ஜெல்லியும், மேலே சுத்தமான பருத்தித் துணியும் போதும். கொப்புளம் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ டாக்டரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஃபைல் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. வலது காலில் கட்டைவிரலுக்குக் கீழே பெரிய காய்ப்பு. மாதம் ஒரு முறை முடிவெட்டுகிற கடையில் பிளேடு வாங்கி வந்து தானே சீவிக்கொள்கிறார். "வலிக்கவே இல்லடா" என்கிறார். விடலாமா?
*வாசகர், திருத்துறைப்பூண்டி*

பதில்: வலிக்கவில்லை என்று அவர் சொல்வதுதான் எங்களைப் பயமுறுத்துகிறது. சர்க்கரை பல வருடம் இருந்தால் பாதத்தின் நரம்பு மழுங்கிவிடும். வலி தெரியாத காலில் காய்ப்பு என்பது, செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல்லை எடுக்காமலே நடப்பது போல. அதன் அடியில் திசு நசுங்கி ரத்தம் கசிந்து, மேலே மூடி போட்ட மாதிரி காய்ப்பு இருக்க, உள்ளே புண் உருவாகும். பல சர்க்கரைப் புண்கள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. ஆகவே அந்தக் காய்ப்பைக் கட்டாயம் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அப்பாவும் எடுக்கக் கூடாது, பார்லரும் எடுக்கக் கூடாது. மருத்துவமனையில், கிருமி நீக்கிய கத்தியால், ரத்த ஓட்டத்தைப் பார்த்த பிறகு எடுப்பார்கள்.

இந்த வாரமே அழைத்துப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவிலோ, திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ "சர்க்கரைக் கால் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் பல இடங்களில் ஊன்றி, அது தெரிகிறதா என்று கேட்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த இழை அது. அந்தத் தொடுதல் தெரியாவிட்டால், காலைக் காக்கும் உணர்வு போய்விட்டது என்று பொருள். பாதத்தில் நாடித் துடிப்பையும் தொட்டுப் பார்ப்பார்கள்.

காய்ப்புக்கு நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலோ, சாக்ஸில் ஈரம் ஒட்டினாலோ, கெட்ட வாடை வந்தாலோ வாரக் கடைசி வரை காத்திருக்காதீர்கள். அன்றே போங்கள்.

வீட்டில் அவர் செய்யக்கூடியது: தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது, விரல் இடுக்குவரை துடைப்பது, இடுக்கை விட்டுவிட்டு மற்ற இடத்தில் க்ரீம் தடவுவது. வெந்நீரில் ஊற வைப்பது கூடாது, சூடு தெரியாமல் கால் வெந்துபோகும். கால் ஆணி பிளாஸ்டர் கூடாது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றும்போது கருங்கல்லில் பாதம் பொசுங்கிக் கொப்புளமாவதும் அவருக்குத் தெரியாது. தரிசனத்தைக் காலையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செருப்புக்கு, உள்ளே மெத்தென்று இருக்கும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு, குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ளதாக வாங்குங்கள். காய்ப்பு திரும்ப வருமா, வராதா என்பதைச் செருப்புதான் தீர்மானிக்கும்.

கேள்வி: உள்ளங்காலில் கடினமாக ஒன்று குத்துகிறது. கால் ஆணி என்று எருக்கம்பால் வைத்தேன், புண்ணாகிவிட்டது. கால் ஆணியை வேரோடு எடுக்க வழி உண்டா?
*வாசகர், பட்டுக்கோட்டை*

பதில்: முதலில் எருக்கம்பாலை நிறுத்துங்கள். சேங்கொட்டையும் வேண்டாம். இரண்டும் தோலை வேக வைக்கும். எருக்கம்பால் தப்பித்தவறிக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இப்போதைய புண் ஆறும்வரை வேறு எதுவும் வைக்காதீர்கள்.

கால் ஆணிக்கு வேர் கிடையாது. ஒரே புள்ளியில் அழுத்தம் விழுவதால் செத்த தோல் கூம்பு வடிவில் உள்நோக்கி இறுகிவிடுகிறது, கூம்பின் முனை குத்துகிறது. வேரைத் தேடித் தோண்டுகிறவர்கள் தோண்டுவது நல்ல சதையைத்தான்.

உங்களுக்கு இருப்பது ஆணியா, பாத மருவா என்பதும் தெரிய வேண்டும். விரலால் நேராக அழுத்தினால் வலி என்றால் ஆணியாக இருக்கலாம். இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலி அதிகம் என்றால் மரு என்று சந்தேகப்படுங்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள். கைரேகை போலப் பாதத்திலும் ரேகை உண்டு. மருவில் ரேகை அந்த இடத்தோடு அறுந்து விலகிப்போகும், நடுவில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை உறைந்துபோன நுண்ணிய ரத்தக் குழாய்கள். மரு வைரஸால் வருவது, தேய்த்தால் பரவும். பார்லரில் அதைத் தொடவே கூடாது.

ஆணிதான், சர்க்கரையும் இல்லை, ரத்த ஓட்டக் குறைவும் இல்லை என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 40 சதவீத சாலிசிலிக் அமிலப் பிளாஸ்டர் வேலை செய்யும். ஆணியின் அளவுக்குச் சரியாக வெட்டி ஒட்டுங்கள். பெரிதாக ஒட்டினால் சுற்றியுள்ள நல்ல தோல் வெந்து உரியும். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றி, வெளுத்த தோலை மட்டும் நுரைக்கல்லால் தேய்த்து எடுங்கள். 14 நாளுக்கு மேல் தொடர வேண்டாம். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் வெள்ளையாக ஊறிப்போய் இருக்கும் ஆணிக்குப் பிளாஸ்டர் ஒட்டக் கூடாது. அதைச் சேற்றுப்புண் என்று நினைத்துப் பூஞ்சைக் களிம்பு போடுகிறவர்களும் நிறைய. இடையில் மெல்லிய ஃபோம் துண்டு வைத்து, முன்பக்கம் அகலமான செருப்புக்கு மாறினாலே பாதி சரியாகும்.

கேள்வி: அம்மா நடவு வேலைக்குப் போகிறார்கள். பித்தவெடிப்பு ஆழமாகி ரத்தம் வருகிறது. யூரியா க்ரீம் நல்லது என்று படித்தேன். வயலுக்குப் போடும் யூரியாவைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவலாமா?
*வாசகி, நீடாமங்கலம்*

பதில்: வேண்டவே வேண்டாம். உர யூரியா பயிருக்காகச் செய்தது. 46 சதவீதம் தழைச்சத்தும், மேலே வேப்பெண்ணெய்ப் பூச்சும் கொண்டது. 2015 முதல் நம் நாட்டில் வரும் உர யூரியா பெரும்பாலும் வேம்பு பூசியதுதான். தோலுக்கான தூய்மை அதில் கிடையாது. ஈரத்தில் கிடந்தால் அம்மோனியாவாக மாறி எரியும். எண்ணெயில் கரையவும் கரையாது, மணல் போல வெடிப்புக்குள் போய் உறுத்தும். மருந்துக்கடையில் "யூரியா 20 சதவீத க்ரீம்" என்று கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ரத்தம் கசியும் வெடிப்பில் அதையும் இப்போதே போடாதீர்கள், பயங்கரமாக எரியும். முதலில் ஒரு வாரம் பெட்ரோலியம் ஜெல்லி. ராத்திரி காலைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, இடுக்குவரை துடைத்து, பத்து நிமிடத்துக்குள் வெடிப்பு நிரம்பும்படி ஜெல்லியை வைத்துப் பருத்தி சாக்ஸ் போட்டுவிடுங்கள். வெடிப்பு மூடிய பிறகு யூரியா க்ரீம்.

வெடிப்பு ஏன் வருகிறது என்றால், குதிகாலைச் சுற்றியுள்ள தோல் தடித்து விறைத்துவிடுகிறது. நிற்கும்போது அடியிலுள்ள கொழுப்பு மெத்தை பக்கவாட்டில் பிதுங்குகிறது. விறைத்த தோல் அதற்கு இடம் கொடுக்க முடியாமல் பிளக்கிறது. நாள் முழுக்கச் சேற்றில் ஊறி, சாயங்காலம் காய்ந்து, மறுநாள் மறுபடி ஊறும் காலில் எண்ணெய்ப் பசை அறவே போய்விடுவதால் இது இன்னும் மோசமாகும். தேய்க்க வேண்டியது வெடிப்பின் இரு பக்கத்துத் தடித்த கரையை மட்டும். பள்ளத்துக்குள் தேய்க்கக் கூடாது. வயலிலிருந்து வந்த உடனே தேய்க்கவும் கூடாது. ஊறி வெளுத்த தோல் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும்.

ஒரு விஷயத்தை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். நடவு நாட்களில் காய்ப்பை எடுக்கவே வேண்டாம். தோல் திறந்திருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் அது இருக்கும், வெடிப்பும் சிராய்ப்பும்தான் அதற்கு வாசல். குறுவை நடவு முடிந்து, வேலை ஓய்ந்த பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கலாம். வயலில் இறங்கும் முன் குதிகாலில் பெட்ரோலியம் ஜெல்லியைக் கனமாகப் பூசட்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும், "வயலில் வேலை செய்கிறேன்" என்பதைக் கேட்காமலே சொல்ல வேண்டும். தடுப்பு மாத்திரை, டெட்டனஸ் ஊசி பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: பத்து நாளில் கல்யாணம். கால் தோல் உரிக்கும் சாக்ஸ் மாஸ்க் இப்போது போடலாமா? மருதாணி முதலிலா, பெடிக்யூர் முதலிலா?
*வாசகி, பாபநாசம்*

பதில்: சாக்ஸ் மாஸ்க் இப்போது வேண்டாம். அதிலுள்ள அமிலங்கள் அன்றைக்கு ஒன்றும் காட்டாது. நான்கைந்து நாள் கழித்து உரிய ஆரம்பித்து, இரண்டு வாரம்வரை உரியும். நீங்கள் இன்று போட்டால் மணமேடையில் மெட்டி போடும்போது குதிகாலில் தோல் ஏடு ஏடாகத் தொங்கும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு என்றால் யோசிக்கலாம்.

இன்று ராத்திரியிலிருந்து 20 சதவீத யூரியா க்ரீமும் சாக்ஸும். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு மிதமான பெடிக்யூர். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே கால் ஷேவிங் வேண்டாம். மருதாணி பெடிக்யூருக்கு அப்புறம்தான், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு. மருதாணிச் சாயம் ஒட்டுவது மேலே இருக்கும் செத்த தோல் அடுக்கில்தான். பாதம் கையின் மேல்பக்கத்தைவிட நன்றாகச் சிவப்பது தோல் தடித்திருப்பதால். முதலில் மருதாணி வைத்துவிட்டுத் தேய்த்தால் நிறம் தூளோடு போய்விடும். முழுக்க இழைத்த குதிகாலிலும் நிறம் சரியாகப் பிடிக்காது. "கறுப்பு மருதாணி" என்று விற்பதில் தலைமுடிச் சாயத்தின் ரசாயனம் இருக்கலாம். தேய்த்த தோலில் அது கொப்புளம் கிளப்பும்.

கேள்வி: பரதம் ஆடுகிறேன். சிவராத்திரியையொட்டி நாட்டியாஞ்சலியில் கருங்கல் தரையில் ஆட வேண்டும். பாதம் முழுக்கக் காய்ப்பு, பார்க்க அசிங்கமாக இருக்கிறது. ஆடுவதற்கு முன் எடுத்துவிடலாமா?
*வாசகி, தஞ்சாவூர்*

பதில்: எடுக்காதீர்கள். வருடக்கணக்காகத் தட்டிய அடவு வளர்த்த காய்ப்பு அது. அது இல்லாமல் கல்லில் தட்டினால் முதல் வர்ணத்துக்குள் கொப்புளம் வரும். துணியில் மாட்டும் சொரசொரப்பான ஓரத்தை மட்டும் 180 எண் ஃபைலால் வழவழப்பாக்குங்கள், அதுவும் ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்போடு நிறுத்திவிடுங்கள். விரல் மேட்டுக்குக் கீழே வெடிப்பு இருந்தால் அதன் மேல் தோல் டேப் ஒட்டி ஆடலாம். ஆடும் நாளில் காலையிலிருந்து க்ரீம் தடவாதீர்கள், வழுக்கும். ராத்திரி ஆட்டம் முடிந்த பிறகு தடவுங்கள்.

கேள்வி: சிலை வார்ப்புப் பட்டறையில் தரையில் உட்கார்ந்தே வேலை. கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு மேல் காய்ப்பு. பட்டறை அரத்தாலேயே லேசாகத் தேய்த்துக்கொள்கிறேன். தவறா?
*வாசகர், சுவாமிமலை*

பதில்: அரம் வேண்டாம். அதன் பல் உலோகத்துக்காக வெட்டியது, தோலைத் தேய்க்காது, கீறும். பல்லிடுக்கில் இருக்கும் வெண்கலத் தூள் கீறலில் பதியும். குளித்த பின் நுரைக்கல்லால் வாரம் இரண்டு முறை போதும். காய்ப்பு மெத்தென்று, உள்ளே தண்ணீர் ஆடுவது போல இருந்தால் தேய்ப்பதே கூடாது. எலும்புக்கு மேலுள்ள நீர்ப்பை வீங்கியிருக்கும், டாக்டரிடம் காட்ட வேண்டும். உட்காரும்போது எலும்பு மேடு தரையில் படாதபடி துணியைச் சும்மாடு போல வளையமாகச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு இடது காலில் யானைக்கால் வீக்கம். தோல் தடித்து மடிப்பு மடிப்பாக இருக்கிறது. பார்லரில் சுத்தம் செய்து தருவதாகச் சொல்கிறார்கள்.
*வாசகி, கும்பகோணம்*

பதில்: பார்லர் வேண்டாம். கும்பகோணத்தைச் சுற்றி ஒரு காலத்தில் யானைக்கால் மிகுதியாக இருந்ததால் இந்தக் கேள்வி பல வீடுகளுக்கும் பொருந்தும். அந்தக் காலில் நிணநீர் ஓட்டம் அடைபட்டிருக்கிறது. சிறு கீறல் வழியாகக் கிருமி போனாலும் குளிர்க் காய்ச்சலும், கால் சிவந்து சூடாகி வலிப்பதும் வரும். ஒவ்வொரு முறை அப்படி வரும்போதும் வீக்கம் ஒரு படி ஏறும். தடிப்பை எடுப்பதால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை.

தினம் இரண்டு வேளை சோப்பு, சாதாரணத் தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி, இவ்வளவுதான். ஒவ்வொரு மடிப்பையும் விரல் இடுக்கையும் விரித்துக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். இடுக்கில் வெள்ளை படிந்திருந்தால் டாக்டர் தரும் பூஞ்சைக் களிம்பு. உட்காரும்போது காலை ஸ்டூலில் உயர்த்தி வையுங்கள்.

கேள்வி: பார்லரில் ஒரே ஃபைல், கால் ஊறவைக்கும் ஒரே டப்பை எல்லோருக்கும் பயன்படுத்துகிறார்கள். யு.வி. (புற ஊதா ஒளி) பெட்டியில் வைத்தோம் என்கிறார்கள். அது போதுமா?
*வாசகி, திருவாரூர்*

பதில்: போதாது. யு.வி. ஒளி நேராகப் படும் பரப்பில் மட்டும்தான் ஏதாவது செய்யும். ஃபைலின் பள்ளத்தில் சிக்கிய தோல் தூளுக்குள் அது போகாது. அந்தப் பெட்டி, சுத்தம் செய்த கருவியை மூடி வைக்க உதவும், அவ்வளவே.

நுரைக்கல், மரக்கட்டை ஃபைல், மணல்தாள் எல்லாம் ஒருவருக்கு ஒன்று. துளையுள்ள பொருளிலிருந்து கிருமியைப் போக்க முடியாது. உலோகக் கருவியை முதலில் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், அழுக்கு ஒட்டியிருந்தால் மேலே செய்வதெல்லாம் வீண். அப்புறம் ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி, 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். கிருமி நீக்கி மூடிவைத்த பையைப் பிரித்துக் கருவியை உங்கள் கண் முன்னால் எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

குமிழி விடும் மோட்டார் டப்பைவிடச் சாதாரணப் பிளாஸ்டிக் டப்பே மேல். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரே நகப் பார்லருக்குப் போன 100க்கும் மேற்பட்டோருக்கு முழங்காலுக்குக் கீழே மாதக்கணக்கில் ஆறாத கொப்புளங்கள் வந்தன. கால் தொட்டியின் தண்ணீர் திரும்பும் வடிகட்டிக்குப் பின்னால் முடியும் தோலும் அடைந்து, அதில் காசநோய்க் கிருமியின் உறவான ஒரு பாக்டீரியா குடியிருந்தது. வருவதற்கு முன் கால் ஷேவ் செய்தவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். ஷேவிங் பற்றி மேலே திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான்.

டப்பை ஒவ்வொருவருக்குப் பின்னும் சோப்பால் தேய்த்துக் கழுவி, 5 லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீத ப்ளீச் திரவம் 100 மில்லி என்று கலந்து நிரப்பி, 10 நிமிடம் விட்டு, மறுபடி கழுவ வேண்டும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு ப்ளீச் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: சுற்றுலா போன இடத்தில் மீன் கடிக்கும் தொட்டியில் கால் வைத்தேன். அது நல்லதா?
*வாசகர், நாகப்பட்டினம்*

பதில்: மீனை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது, மீன் உயிரோடு இருக்கும் தொட்டியில் ப்ளீச்சும் ஊற்ற முடியாது. உங்களுக்கு முன் கால் வைத்தவரின் தோலைக் கடித்த அதே வாய்தான் உங்களையும் கடித்தது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன. அடுத்த சில வாரத்தில் காலில் ஆறாத சிவந்த கொப்புளம் வந்தால், மீன் தொட்டியில் கால் வைத்ததையும் தேதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.